ஷாஷியா, ஷிஜோவா?

சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ஊர் வாழ்க்கையைப் பார்க்க ஒரு வாரம் ஒதுக்கியவர்கள் இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள். இரண்டுமே பாய் இன மக்களின் பழைய ஊர்கள்.

போய்ச் சேர: ஷிஜோ எளிது, டாலி பழைய நகரத்திலிருந்து சுமார் 20 கி.மீ.தான். ஷாஷிக்கு ஜியான்ச்சுவான் வரை போய், அங்கிருந்து சிற்றுந்து பிடிக்க வேண்டும்.

சந்தை: ஷிஜோவில் தினமும் காலையில். ஷாஷியில் வெள்ளிக்கிழமை மட்டும். ஆனால் அன்றைக்கு மலைக் கிராமங்களிலிருந்து யி இனப் பெண்களும் இறங்கி வருவார்கள். அதனால் வியாழன் இரவே அங்கே தங்கிவிடுங்கள்.

சாப்பாடு: இதில் என் ஓட்டு ஷிஜோவுக்கு. அங்கே 'பாபா' என்று ஒரு ரொட்டி. தட்டையான சட்டிக்குக் கீழேயும் கரி நெருப்பு, மேல்மூடியிலும் கரி நெருப்பு. வெங்காயத்தாளும் பன்றிக்கறியும் வைத்தது ஒன்று, ரோஜா இதழ்ச் சர்க்கரை வைத்தது இன்னொன்று. சூட்டோடு கையில் வாங்கித் தின்ன வேண்டும்.

அமைதி: சந்தேகமே இல்லை, ஷாஷி. தேயிலை ஏற்றிய குதிரைகள் தங்கிப் போன சதுக்கம், 1415-இல் கட்டிய சிங்ஜியாவ் கோயில், எதிரே நாடக மேடை. சாயங்காலம் கல்தரையில் கால் நீட்டி உட்கார்ந்தால் எழவே மனம் வராது.

மொழி: இரண்டு ஊரிலும் பெரியவர்கள் தங்களுக்குள் பாய் மொழிதான் பேசுவார்கள். கைபேசி மொழிபெயர்ப்பு சீனத்துக்குத்தான் உதவும்.

இரண்டே நாள், கூடவே குழந்தைகள் என்றால் ஷிஜோ. தனியாக, அவசரமில்லாமல் போகிறீர்களா? ஷாஷிக்கே போங்கள், வெள்ளிக்கிழமையைத் தவறவிடாதீர்கள்.