படகை ரேக்கில் ஏற்றலாமா, தண்ணீரிலேயே கட்டலாமா?

ஃப்ளோரிடாவில் 25 அடி மோட்டார் படகு வாங்குகிறவருக்கு வரும் முதல் கேள்வி, அதை எங்கே விடுவது என்பதுதான். மரீனாவில், அதாவது படகு நிறுத்தும் துறையில், தண்ணீரிலேயே கட்டலாம். இல்லையென்றால் கூரைக்குள் அடுக்கடுக்காக நிற்கும் ரேக்கில் ஏற்றலாம்.

தண்ணீரில் கட்டினால் நினைத்த நேரத்தில் கயிற்றை அவிழ்த்துக் கிளம்பலாம், ராத்திரி படகிலேயே தூங்கலாம். ஆனால் அந்த வெதுவெதுப்பான உப்புநீர் சும்மா இருக்காது. சில வாரங்களிலேயே அடிப்பாகத்தைத் தொட்டால் வழவழவென்று பாசி, அதற்கு மேல் சிப்பி போல ஒட்டிக்கொண்டு விரலைக் கிழிக்கும் கொட்டலசு. தடுக்கச் செம்பு கலந்த பெயின்ட் அடிக்க வேண்டும், மற்ற உலோகப் பாகங்களுக்குப் பதிலாகத் தாமே அரிபடும் துத்தநாகக் கட்டிகளை அவ்வப்போது மாற்ற வேண்டும். உள்ளே சேரும் மழைநீரை இறைக்கும் பம்புக்கு பேட்டரி தீர்ந்தால், கட்டிய இடத்திலேயே படகு மூழ்கிவிடலாம்.

ரேக்கில் இந்தத் தொல்லை கிடையாது. ஃபோர்க்லிஃப்ட் வண்டி படகைத் தூக்கிவர, எஞ்சினை நன்னீரில் அலசி மேலே ஏற்றிவிடலாம். வெயில் படாததால் இருக்கை உறையும் வெளுக்காது. சிக்கல் என்னவென்றால், படகை இறக்கிவைக்கச் சொல்லி முன்கூட்டியே போன் செய்ய வேண்டும். ஞாயிறு காலை காத்திருக்க வேண்டும். உயரமான பாய்மரப் படகுக்கு இடமே இல்லை.

அப்புறம் புயல். ஜூன் முதல் நவம்பர் வரை அதுதான் கவலை. 1992 ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகு கடுமையாக்கிய கட்டட விதிப்படி கட்டிய ரேக் கொட்டகையா என்று கேளுங்கள். பழசு என்றால் வேண்டாம். புதிது என்றால், மாதம் இரண்டு முறை மீன்பிடிக்கப் போகிறவருக்கு ரேக்தான் சரி.