ஓடும் நிரலைத் திருத்துவது: ஈமேக்ஸோடு சில வருடங்கள்

ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரை நிரல் எழுதும் சூழலாக மாற்றுவது எப்படி என்று தேடினால் முக்கால்வாசி தீம், ஃபான்ட், பிளகின் பட்டியல்தான் வந்து விழும். சில வருடங்களாகத் தினமும் இதிலேயே கிடப்பவன் சொல்கிறேன், அதெல்லாம் மேல்பூச்சு. என்னை இங்கே பிடித்து வைத்திருப்பது ஒரே விஷயம்: நிரல் ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்க, திருத்திய ஃபங்ஷனை மட்டும் அதற்குள் அனுப்ப முடிகிறது.

பைத்தான் எழுத உதவும் வசதி (மோடு) ஈமேக்ஸோடேயே வருகிறது. கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-பி அடித்தால், கட்டளை கொடுத்த உடனே ஓட்டிக் காட்டும் பைத்தான் ஷெல் திறக்கும். கர்சர் நிற்கும் ஃபங்ஷனை அனுப்ப கண்ட்ரோல்-ஆல்ட்-எக்ஸ். ஏற்றவே நேரம் பிடிக்கும் பெரிய சிஎஸ்வி (அட்டவணைத் தரவு) கோப்பு ஒன்று, அதில் தேதியைப் பிரிக்கும் ஃபங்ஷன் ஏதோ ஒரு வரியில் மக்கர் செய்கிறது என்று வையுங்கள். கோப்பை ஒரு தடவை ஏற்றினால் போதும். தகராறு செய்யும் வரியை ஒரு மாறியில் பிடித்து வைத்துக்கொண்டு, ஃபங்ஷனைத் திருத்துவது, அனுப்புவது, அந்த வரியில் ஓட்டிப் பார்ப்பது. சரியாகும்வரை இப்படியே.

ஆனால் முழு ருசி லிஸ்ப் என்ற நிரல்மொழியில்தான். காமன் லிஸ்ப் (லிஸ்பின் ஒரு வகை) நிரலை ஓட்டும் எஸ்பிசிஎல்லோடு, ஈமேக்ஸின் லிஸ்ப் இணைப்பான ஸ்லைமை இணைத்து வேலை செய்யும்போது, இன்னும் எழுதாத ஃபங்ஷனை நிரல் அழைத்துவிட்டால் அது செத்துப்போவதில்லை. பிழை தேடும் டீபக்கர் திறந்து, அடுத்து என்ன செய்யலாம் என்று எண் போட்ட பட்டியலோடு காத்திருக்கும். நிதானமாக அந்த ஃபங்ஷனை எழுதி, கண்ட்ரோல்-சியை இருமுறை அடித்து கம்பைல் செய்துவிட்டு, பட்டியலில் 'மறுபடி அழை' என்பதற்கான எண்ணைத் தட்டினால் நின்ற இடத்திலிருந்தே தொடரும். பைத்தானில் பிழை வெளியே வந்து விழும்போது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற அழைப்பு அடுக்கு கலைந்திருக்கும், முதலிலிருந்து ஓட்ட வேண்டியதுதான். கிளாஸிலும் இதே வித்தியாசம். காமன் லிஸ்பில் கிளாஸை மாற்றி எழுதினால் ஏற்கனவே உருவான ஆப்ஜெக்ட்களும் புது வடிவத்துக்கு மாறும். பைத்தானில் அவை பழைய கிளாஸையே கட்டிக்கொண்டிருக்கும்.

தொல்லை இல்லாமல் இல்லை. ஒரு ஃபங்ஷனுக்குப் பெயரை மாற்றுகிறீர்கள். கோப்பில் பழைய பெயர் போய்விட்டது, நினைவகத்தில் இருக்கிறது. அதை அழைக்கும் மிச்ச இடங்கள் எல்லாம் சமர்த்தாக வேலை செய்யும், புதிதாகத் தொடங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் மாற்றங்களைக் கமிட் செய்யும் (பதிவு செய்யும்) முன் ஷெல்லைக் கொன்றுவிட்டு, வெறுமையிலிருந்து ஒருமுறை முழுதாக ஓட்டிவிடுவேன். பைத்தானின் மேம்பட்ட ஷெல்லான ஐபைத்தானில், மாறிய கோப்பைத் தானே மறுபடி ஏற்றும் ஆட்டோரீலோடு வசதி ஓரளவு கைகொடுக்கும். அதை மட்டும் நம்பி கமிட் செய்ய மாட்டேன்.

ஈமேக்ஸின் அமைப்புக் கோப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2023ல் வந்த 29ஆம் பதிப்பிலிருந்து எக்லாட்டும் (நிரல்மொழி உதவி தருவது) யூஸ்-பேக்கேஜும் (பிளகின்களை அமைப்பது) உள்ளேயே இருப்பதால் என்னுடையது பாதியாகச் சுருங்கிவிட்டது. அடுத்தவர் செய்து தரும் ரெடிமேட் தொகுப்போடு தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு விசை வேலை செய்யாவிட்டால் யாருடைய கோடில் தேடுவது என்றே தெரியாது.

வரைபடம் போட்டுப் பார்க்கும் வேலைக்கு மட்டும் இன்றும் நிரலையும் விடையையும் ஒரே பக்கத்தில் காட்டும் ஜூப்பிட்டர் நோட்புக்தான். ஈமேக்ஸுக்குள்ளும் செய்யலாம், ஆனால் அந்த மெனக்கெடலுக்கு எனக்குப் பொறுமையில்லை.