150 கி.மீ. ஓடும் என்று சொல்லி விற்கப்பட்ட மின்சார பைக்: வாங்கும் முன் படிக்கவும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புபவன் நான். போக வர ஏறத்தாழ 80 கி.மீ. பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல், எட்டு மாதங்களுக்கு முன் பழைய பைக்கை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு மின்சார மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரையும் ஷோரூமின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

என் ஊர், சாலை, தூரம், வழக்கமாக 70, 75 கி.மீ. வேகத்தில் போவேன் என்பது உட்பட எல்லாவற்றையும் விற்பனையாளரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். "ஒரு சார்ஜுக்கு 150 ஓடும் சார், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டாலே போதும்" என்றார். விவரத்தாளில் 150 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'ஐடிசி' என்று பொடி எழுத்தில் இருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு, "கவர்மெண்ட் சர்டிபிகேட் சார்" என்று முடித்துவிட்டார். சோதனை ஓட்டமும் கடைவீதியில், 30 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் நடந்தது.

அந்த மூன்று எழுத்துகளின் பொருளை அன்றே தேடிப் படித்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. ஐடிசி என்பது இந்திய ஓட்டச் சுழற்சி: ஆய்வகத்தில் உருளைகளின்மேல் வண்டியை நிறுத்தி, நிற்பதும் கிளம்புவதுமாக ஓட்டிப் பார்க்கும் முறை. அதில் உச்ச வேகமே மணிக்கு 42 கி.மீ.தான், சராசரி வேகம் 22 கி.மீ.யை ஒட்டியது. நகரத் தெருவுக்கு ஓரளவு பொருந்தும் அந்த எண்ணை நெடுஞ்சாலைக்காரனிடம் காட்டி விற்றதைத்தான் ஏமாற்று என்கிறேன். எண் பொய்யில்லை, அதை என் பயணத்துக்கு உரியதாகச் சொன்னதுதான் பொய்.

முதல் நாள் முழு சார்ஜுடன் கிளம்பி, வழக்கமான வேகத்தில் 40 கி.மீ. ஓடிப் புதுச்சேரி சேர்ந்தபோது 34 சதவீதம் மட்டுமே எஞ்சியிருந்தது. பதறிப்போய் ஷோரூமுக்குத் தொலைபேசியில் பேசினேன். முதலில் அப்படித்தான் வேகமாக இறங்கும், பிறகு நிலைத்துவிடும், வழக்கம்போல ஓட்டி வாருங்கள் என்றார்கள். நம்பி மாலையில் அதே வேகத்தில் வந்தேன். வழியிலுள்ள கிளியனூருக்குச் சற்று முன்பே வண்டி தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஊர ஆரம்பித்தது; கிளியனூரை அடைந்ததும் நின்றுவிட்டது. குட்டி யானை பிடித்து, இருட்டில் வீடு வந்து சேர்ந்தேன்.

சர்வீஸ் மையத்தில் என் உடல் எடையையும் டயர் காற்றையும் குற்றம் சொன்னார்கள். காற்று சரியாகவே இருந்தது. எடையைப் பொறுத்தவரை, சமதளச் சாலையில் பின்னால் ஓர் ஆள் ஏறினாலும் டயர் உருளும் தடை சற்றுக் கூடுமே தவிர, வேகத்தைப் பத்துக் கிலோமீட்டர் கூட்டுவதால் ஆகும் செலவுக்கு அது ஈடாகாது. காரணம் காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அந்த எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு போகும் வேலை முழுவதும் பேட்டரியின் தலையில் விழுகிறது. பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்பக் கிடைக்கும் என்பதும் அடிக்கடி நிற்கும் நகரத்துக்கு உதவுமே ஒழிய, நிற்காமல் ஓடும் நாற்கரச் சாலையில் பெரிதாக எதையும் தராது.

வாய்வார்த்தை போதாது என்று, காற்று அதிகம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒரே சாலையில், ஒவ்வொரு வேகத்தையும் 20 கி.மீ. மாறாமல் பிடித்து ஓட்டி, செயலி காட்டிய செலவைக் குறித்துக்கொண்டேன். 40 கி.மீ. வேகத்தில் கிலோமீட்டருக்கு 27 வாட் ஹவர் ஆனது, 55இல் 39, 65இல் 51, 75இல் 63. பயன்படுத்தத்தக்க பேட்டரிக் கொள்ளளவு ஏறத்தாழ 3,500 வாட் ஹவர், அதாவது மூன்றரை யூனிட். இதை வைத்து வகுத்தால் 40இல் 130 கி.மீ., 75இல் வெறும் 55 கி.மீ. வருகிறது. இதில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டியது எது தெரியுமா? அன்று மாலை எஞ்சியிருந்த 34 சதவீதம் என்பது சுமார் 1,190 வாட் ஹவர். நாற்பதில் உருட்டிக்கொண்டு வந்திருந்தால் 40 கி.மீ.க்கு 1,080 போதும். தட்டுத்தடுமாறியாவது வீடு சேர்ந்திருப்பேன். "மெதுவாக வாருங்கள்" என்ற இரண்டு சொற்களைக்கூட அவர்கள் சொல்லவில்லை. வேகம்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டால், விற்கும்போது சொன்னது என்ன ஆவது?

ஆகவே, ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்காதீர்கள். உங்கள் வேகத்தில் கிலோமீட்டருக்கு எத்தனை வாட் ஹவர் ஆகும் என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். சோதனை ஓட்டத்தை நீங்கள் தினமும் போகும் சாலையில், உங்கள் வேகத்தில், குறைந்தது 15 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். வாக்குறுதியை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் அப்படி ஒரு செய்தி இருந்ததால்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் துணிந்து புகார் அளிக்க முடிந்தது. நிறுவனம் மழுப்பலாகப் பதில் தந்ததால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாரித்து வருகிறேன். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.

வண்டியை இப்போது மனைவி ஊருக்குள் ஓட்டுகிறார். ஒரு சார்ஜுக்கு 120 கி.மீ.க்குக் குறையாமல் வருகிறது. நான் புதுச்சேரிக்குப் பேருந்தில் போய் வருகிறேன்.