சார்ல்ஸ்டன் நடைச் சுற்றுலா: வழிகாட்டி சொல்லாமல் விட்ட டெலவேர்

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட கதையைச் சொல்லும் இரண்டு மணி நேர நடைச் சுற்றுலா ஒன்றில் அண்மையில் கலந்துகொண்டேன். இடத் தேர்வில் குறையே இல்லை. சால்மர்ஸ் தெருவில், 1856 முதல் மனிதர்களை ஏலம் விட்ட சந்தை இருந்த இடத்தின் முன் எங்களை நிறுத்திய வழிகாட்டி, பிறகு சற்றுத் தள்ளியிருந்த பழைய செங்கல் சுவர் ஒன்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு கல்லில் மூன்று சிறு குழிகள் இருந்தன. ஈரம் காயாத கல்லைக் கையாண்ட அடிமைச் சிறாரின் விரல் தடங்கள் அவை என்றார். என் சுண்டு விரல்கூட அவற்றுள் முழுதாக அடங்கவில்லை. கொடுத்த கட்டணம் அந்த ஒரு நிமிடத்துக்கே தகும்.

போரைத் தவிர்த்திருக்க முடியுமா என்று ஒருவர் கேட்டபோதுதான் ஏமாற்றம் தொடங்கியது. அடிமைகளை விடுவிக்க அவர்களின் உரிமையாளர்களுக்குப் பிரிட்டன் 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்ததைப் போல இங்கும் கொடுத்திருந்தால் போதும் என்று வழிகாட்டி ஒரே வரியில் முடித்துவிட்டார். வாங்குவதற்கு ஆள் இருந்தாலும் விற்க மனம் வேண்டுமே! சுமார் 1,800 அடிமைகளே இருந்த டெலவேர் மாநிலத்துக்கு லிங்கன் 1861 இறுதியில் இத்தகைய திட்டத்தை முன்வைத்தபோது, அங்கேயே சட்டமன்றத்தில் போதிய ஆதரவு கிட்டவில்லை. மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அடிமைகளாக இருந்த தென் கரோலினா இசைந்திருக்கும் என்று எப்படி நம்புவது? நாடு முழுவதும் இருந்த ஏறத்தாழ 40 லட்சம் பேரின் சந்தை விலையை 300 கோடி டாலருக்குக் குறையாமல் கணக்கிடுகிறார்கள். கூட்டாட்சி அரசின் ஓராண்டுச் செலவோ அப்போது 10 கோடி டாலரைக்கூட எட்டவில்லை.

மாநிலங்களில் நிலவும் அடிமை முறையில் கூட்டாட்சி அரசு கைவைக்கக் கூடாது என்னும் அரசமைப்புத் திருத்தத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1861 மார்ச்சில் ஒப்புதல் அளித்தும், அமெரிக்கக் கூட்டாட்சியிலிருந்து பிரிந்துசென்ற ஏழு தென் மாநிலங்களில் ஒன்றும் திரும்பி வரவில்லை. மேற்கே புதிய நிலப்பகுதிகளுக்கும் அடிமை முறை பரவலாமா என்பதில்தான் பிணக்கு. அதில் லிங்கன் இறங்கி வரவில்லை. இறங்கி வந்திருந்தால் ஏப்ரல் 12 விடியுமுன் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் சம்டர் கோட்டை மீது போரின் முதல் குண்டு விழாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த அமைதிக்கான விலையைச் செங்கல்லில் விரல் பதித்த சிறாரின் பிள்ளைகள்தாம் கொடுத்திருப்பார்கள். இதையெல்லாம் சொல்ல வழிகாட்டிக்குப் பத்து நிமிடம் போதும்; குதிரை வண்டிகளைப் பற்றி அதைவிட அதிக நேரம் பேசினார்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். சம்டர் கோட்டைக்கான படகுச் சீட்டு இக்கட்டணத்தில் அடங்காது. தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.