ஆறு ஆண்டுகளாக நாங்களே நடத்தும் ஜிஎம்பி பயிற்சி: ஓர் அனுபவக் குறிப்பு

சென்னைக்குத் தெற்கே உள்ள ஒரு நடுத்தர மருந்துத் தொழிற்சாலையில் நான் பணிபுரிகிறேன். மாத்திரை, வாய்வழித் திரவ மருந்து, சிறியதோர் ஊசி மருந்துப் பிரிவு ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. தர உறுதிப் பிரிவில் ஜிஎம்பி, அதாவது நல்ல உற்பத்தி நடைமுறைகள் பற்றிய பயிற்சிப் பொறுப்பு 2019-ஆம் ஆண்டின் இறுதியில் என்னிடம் வந்தது. அதுவரை ஆண்டுக்கு இருமுறை வெளியிலிருந்து ஒரு பயிற்றுநர் வருவார், ஆங்கிலத்தில் நூற்றுக்குக் குறையாத ஸ்லைடுகள் ஓடும், மதியம் பிரியாணி, மாலையில் எல்லார் கையிலும் சான்றிதழ். கோப்பை மட்டும் பார்த்தால் அந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

குறையைக் கண்டுபிடித்தவர் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் ஆடிட்டர். மாத்திரை அழுத்தும் கம்ப்ரஷன் அறையில் நின்றிருந்த ஆப்பரேட்டரிடம், மாத்திரையின் எடை வரம்பைத் தாண்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பதினோரு ஆண்டு அனுபவமுள்ள அந்த அண்ணன், மெஷினை நிறுத்தி, கடைசியாகச் சரியாக இருந்த சோதனைக்குப் பிறகு வந்த மாத்திரைகளைத் தனியே ஒதுக்கி, லேபிள் ஒட்டித் தகவல் சொல்வதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று அவர் சொன்ன பதில், "சூப்பர்வைசரைக் கேட்பேன்" என்பது மட்டுமே. ஆடிட்டர் அவருடைய பயிற்சிப் பதிவைக் கேட்டு வாங்கினார். ஒரே தேதியில் இருபத்து மூன்று எஸ்ஓபிகளை (எழுதப்பட்ட செயல்முறைக் குறிப்புகளை) படித்துப் புரிந்துகொண்டதாக அதில் கையெழுத்து இருந்தது. பக்கங்களைக் கூட்டிப் பார்த்தால், ஒரு ஷிப்டு முழுவதும் வேறு வேலையே செய்யாமல் படித்தாலும் முடியாது. வேலை தெரிந்த மனிதர் ஒரு பக்கம், அவர் படித்ததாகச் சொல்லும் காகிதம் மறுபக்கம்; இரண்டுக்கும் நடுவில் எந்தத் தொடர்பும் இல்லை என்பது அந்த ஐந்து நிமிடத்தில் வெட்டவெளிச்சமாயிற்று. பயிற்சியை நாமே உருவாக்குவோம் என்ற முடிவு அதன்பின் எடுக்கப்பட்டது.

விதிகள் இதற்குத் தடையாக இல்லை. அமெரிக்காவின் மருந்து உற்பத்தி விதியான 21 சிஎஃப்ஆர் 211.25, ஜிஎம்பி பயிற்சியைத் தகுதியுள்ளவர்கள் தொடர்ச்சியாகவும் போதிய அளவு அடிக்கடியும் நடத்த வேண்டும் என்கிறது. ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் என்று சொல்லவில்லை. நம் நாட்டின் மருந்து உற்பத்தி விதிகளான ஷெட்யூல் எம், 2023 டிசம்பர் 28 தேதியிட்ட அறிவிக்கையில் திருத்தப்பட்ட பிறகு, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலுக்கு வெகு அருகில் வந்துவிட்டது. மருந்துத் தர அமைப்பு, தர இடர் மேலாண்மை போன்றவை எல்லாம் இப்போது சிறு நிறுவனங்களுக்கும் பொருந்தும். "போதிய அளவு" என்ற சொல் நமக்குச் சுதந்திரம் தருகிறது. ஆனால் போதுமானதாக இருந்தது என்று நிரூபிக்கும் சுமையும் நம் தலையில்தான் விழுகிறது.

முதல் ஆண்டில் நான் செய்த பெரிய தவறு, எல்லாருக்கும் எல்லாவற்றையும் கற்பிக்க நினைத்தது. பணிவாரியான பயிற்சி அட்டவணையைத் தயாரித்தபோது, எதையாவது விட்டுவிட்டால் ஆடிட்டில் கேள்வி வருமே என்ற பயத்தில், பேக்கிங் ஹெல்ப்பர் பெயருக்கு நேராகவும் நாற்பதுக்கு மேற்பட்ட எஸ்ஓபிகளைப் போட்டேன். விளைவு, பழைய நோய் புதிய எக்செல் கோப்பில் தொடர்ந்தது. இரண்டாம் ஆண்டில் ஒவ்வொரு பணியையும் ஒரு ஷிப்டு முழுக்கப் பின்னாலேயே நின்று பார்த்து, அந்த மனிதரின் கை எதைத் தொடுகிறதோ, பேனா எந்தப் படிவத்தில் எழுதுகிறதோ, அதற்குரிய எஸ்ஓபியை மட்டும் வைத்துக்கொண்டோம். ஹெல்ப்பருக்கு ஒன்பது மிஞ்சியது. நீக்கிய ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி வைத்ததால், பின்னர் வந்த எந்த ஆடிட்டரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

மொழிப் பிரச்சினையை நான் முதலில் எளிதாக எடைபோட்டுவிட்டேன். எஸ்ஓபிகள் ஆங்கிலத்தில், நிரந்தர ஊழியர்கள் பெரும்பாலும் தமிழர், பேக்கிங்கிலும் கிடங்கிலும் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பக்கமிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். மொழிபெயர்த்தால் போயிற்று என்று நினைத்தேன். லைன் கிளியரன்ஸ் (முந்தைய மருந்தின் மிச்சம் எதுவும் பேக்கிங் லைனில் இல்லை என்று உறுதிசெய்வது) என்பதற்கு நான் ஆசையாக உருவாக்கிய தமிழ்ச் சொல்லை மூத்த பேக்கிங் சூப்பர்வைசர் படித்துவிட்டு, "இது ரயில்வே வேலை மாதிரி இருக்கு சார்" என்றார். அன்றிலிருந்து தளத்தில் வழங்கும் சொல்லை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள வாக்கியத்தை மட்டும் தமிழாக்குகிறோம். அதைவிடக் கடினமானது பதிப்புக் கட்டுப்பாடு. ஆங்கில எஸ்ஓபி ஐந்தாம் பதிப்புக்குப் போனபின்னும் சுவரில் நான்காம் பதிப்பின் தமிழ்ச் சுருக்கம் தொங்கிக்கொண்டிருந்ததை எங்கள் உள் தணிக்கையே கண்டுபிடித்தது. இப்போது தமிழ், இந்திப் பிரதிகளுக்கும் ஆவண எண் உண்டு. மூன்றும் ஒன்றாக வெளியாகும், ஒன்றாகவே திரும்பப் பெறப்படும். ஒப்புதல் தேதிக்கும் நடைமுறைக்கு வரும் தேதிக்கும் இடையில் பதினைந்து நாள் இடைவெளி வைத்ததும் இதனால்தான். முன்பு ஏழு நாள் இருந்தது; சுழற்சி ஷிப்டில் ஒருவரைப் பிடிப்பதற்கே அது போதாது.

தேர்வுகளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் நான் அதிகம் ஏமாந்தேன். கொள்குறி வினாத்தாள்களில் எங்கள் தேர்ச்சி விழுக்காடு நூறுக்கு அருகிலேயே நின்றது. மாதங்கள் கழித்துத்தான், முதல் குழு எழுதி முடித்ததும் விடை வரிசை கேன்டீன் வழியாக அடுத்த குழுவுக்குப் போய்விடுகிறது என்று தெரிந்தது. கோபப்படவும் முடியவில்லை, தோற்றால் வேலை போய்விடும் என்று எண்ணியவர்கள் வேறென்ன செய்வார்கள்? எழுத்துத் தேர்வின் எடையைக் குறைத்து, செய்துகாட்டும் சோதனைக்கு மாறினோம். உற்பத்தியில்லாத நேரத்தில், தர உறுதிப் பிரிவின் எழுத்துப்பூர்வ அனுமதியுடன், பயிற்சி எனப் பெரிதாகக் குறிக்கப்பட்ட பழைய கார்ட்டன்கள், லேபிள் துண்டு, வெற்று ஸ்ட்ரிப் ஆகிய ஆறு பொருட்களைப் பேக்கிங் லைனில் ஒளித்து வைப்போம். வைத்தவற்றை எண்ணிப் பட்டியலிட்டு, முடிந்ததும் அத்தனையையும் எண்ணித் திரும்ப எடுத்து, லைனை மறுபடியும் முறைப்படி கிளியர் செய்தபின்தான் உற்பத்திக்குக் கொடுப்போம். இந்த ஒழுங்கு இல்லாமல் யாரும் இதை முயலக்கூடாது. பயிற்சிக்கென வைத்த பொருளே உற்பத்தியில் கலந்துவிடும்.

முதல் முறை, எழுத்துத் தேர்வில் முழு மதிப்பெண் எடுத்த குழு ஆறில் மூன்றைத்தான் கண்டது. கன்வேயர் பெல்ட்டின் அடிப்பகுதியையும் ரிஜெக்ட் பெட்டியின் பின்பக்கத்தையும் யாரும் குனிந்து பார்க்கவில்லை. ஆனால் செக்லிஸ்ட்டில் எல்லாக் கட்டமும் டிக் செய்யப்பட்டிருந்தது. யாரையும் திட்டாமல் அந்தச் செக்லிஸ்ட்டை அவர்களையே மாற்றி எழுதச் சொன்னோம். "லைன் சுத்தமாக உள்ளதா" என்ற ஒரே வரி, பார்க்க வேண்டிய இடங்களின் பெயர்களோடு பதினான்கு வரிகளாயிற்று. இந்த ஆறாண்டில் நான் செய்தவற்றில் உருப்படியானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஊசி மருந்துப் பிரிவில் இந்தத் தலைவலி குறைவு. கவுனிங் (கிருமியற்ற உடை அணியும்) பயிற்சி முடிந்தவர், உடையணிந்தபின் கையுறை, மார்பு, முன்கை ஆகிய இடங்களில் கிருமி உண்டா என்று காட்டும் கான்டாக்ட் பிளேட் ஒற்றியெடுத்து, தொடர்ந்து மூன்று முறை தேற வேண்டும். கிருமியற்ற மருந்துகளுக்கான, ஐரோப்பிய ஜிஎம்பியின் திருத்தப்பட்ட அனெக்ஸ் 1, 2023 ஆகஸ்ட் 25 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, ஆண்டுதோறும் மறுமதிப்பீடும் செய்கிறோம். மருந்துக்குப் பதில் கிருமி வளரும் ஊடகத்தை நிரப்பிப் பார்க்கும் மீடியா ஃபில் சோதனையில் பங்கேற்காதவருக்கு அசெப்டிக் (கிருமியற்ற) அறையில் வேலை கிடையாது. கையெழுத்தைப் பார்த்துக் கிருமி ஏமாறாது. பிளேட்டில் காலனி வளர்ந்தால் பயிற்சி போதவில்லை, அவ்வளவுதான். மாத்திரைப் பிரிவுக்கும் இப்படி ஓர் இரக்கமற்ற அளவுகோல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

தரவு நேர்மைப் பயிற்சி வேறொரு பாடத்தைக் கற்பித்தது. யார் எழுதியது என்று தெரிய வேண்டும், படிக்கும்படி இருக்க வேண்டும், செய்த அப்போதே எழுத வேண்டும், மூலப் பதிவாக இருக்க வேண்டும், பிழையற்றிருக்க வேண்டும் என்று அல்கோவா கோட்பாட்டை எத்தனை முறை சொன்னாலும், கிரானுலேஷன் அறையின் பேட்ச் ரெக்கார்டுகளில் (ஒவ்வொரு தொகுதி மருந்துக்குமான உற்பத்திப் பதிவுகளில்) நேரம் எப்போதும் 10.05, 10.10, 10.15 என்று ஐந்தின் மடங்காகவே இருந்தது. மூன்று முறை மறுபயிற்சி கொடுத்தோம். நான்காவது முறை அறைக்குள் போய் நின்று பார்த்தபோதுதான், சுவர்க் கடிகாரம் ஃப்ளூயிட் பெட் டிரையருக்குப் பின்னால் பாதி மறைந்திருப்பதும், கைக்கடிகாரத்துக்கு அங்கு அனுமதி இல்லாததும் உறைத்தது. கடிகாரத்தை இடம் மாற்றினோம். ஐந்தின் மடங்குகள் போய்விட்டன.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு தவறுகளைத் திருத்தித் தடுப்பதற்கான எங்கள் கேப்பா நடைமுறையில் ஒரு மாற்றத்தைப் போராடிக் கொண்டுவந்தேன். எந்த டீவியேஷனை (நடைமுறையிலிருந்து விலகிய நிகழ்வின் கோப்பை) திறந்தாலும் மூல காரணம் "மனிதத் தவறு" என்றும், தீர்வு "மறுபயிற்சி அளிக்கப்பட்டது" என்றும் எழுதி மூடுவது இத்தொழிலில் ஊறிப்போன வழக்கம். முப்பது நாளுக்குள் மூட வேண்டிய கெடுவுக்கு அதைவிட வசதியான வாக்கியம் கிடையாது. இப்போது மறுபயிற்சி என்று எழுத வேண்டுமானால் சூப்பர்வைசர் மூன்று கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும்: தவறு செய்தவருக்கு அந்த வேலை தெரியாமல் இருந்ததா, தெரிந்தும் செய்ய முடியாதபடி இடமோ கருவியோ நேரமோ தடுத்ததா, இதே தவறை வேறொருவரும் செய்திருக்கிறாரா. முதல் கேள்விக்கு ஆம் என்று வந்தால்தான் கோப்பு என் மேசைக்கு வரும். தொடக்கத்தில் உற்பத்திப் பிரிவினர் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். இன்று மறுபயிற்சிக் கோரிக்கைகள் பாதிக்கும் கீழே வந்துவிட்டன.

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இணையவழிப் பாடம் நடத்தும் திறந்த மூல மென்பொருளான மூடுலை எங்கள் சர்வரில் நிறுவினோம். உரிமக் கட்டணம் இல்லை என்பது உண்மை; ஆனால் மின்னணுப் பதிவுகளுக்கான 21 சிஎஃப்ஆர் பகுதி 11-க்கு ஏற்ப அதைச் சரிபார்த்து ஆவணப்படுத்த எட்டு மாதம் ஆயிற்று; ஒவ்வொரு புதிய பதிப்பும் சிறியதொரு சேஞ்ச் கன்ட்ரோலை (மாற்றத்துக்கு ஒப்புதல் பெறும் நடைமுறையை) இழுத்துவருகிறது. தளத்தில் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தியதால் கடவுச்சொல் பகிரப்பட்டதையும் கண்டோம். தரவு நேர்மைப் பாடத்தையே பிறர் பெயரில் நுழைந்து முடித்திருந்தார்கள். இப்போது அலுவலகப் பணியாளர்களுக்கும் ஆய்வகத்துக்கும் மூடுல்; உற்பத்தித் தளத்துக்குக் காகிதமும் நேரடிச் சோதனையும். ஐடி பிரிவில் நம்பத்தகுந்த ஒருவர் இல்லாத நிறுவனம் காகிதத்திலேயே தொடங்குவது நல்லது.

நாங்களே நடத்துவதில் ஓர் ஆபத்தும் உண்டு. தவறாகக் கற்றுக்கொண்டால் எல்லாரும் ஒரே மாதிரி தவறு செய்வோம். பதிவில் திருத்தம் செய்யும்போது ஒற்றைக் கோடு, சுருக்கொப்பம், தேதி ஆகிய மூன்றையும் இரண்டாண்டுகள் அழகாகக் கற்பித்தோம்; திருத்தத்துக்கான காரணத்தை எழுத வேண்டும் என்பதை விட்டுவிட்டோம். தொழிற்சாலை முழுவதும் ஒரே சீராக அந்தக் குறை பரவியிருந்ததை வெளி ஆடிட்டர்தான் சுட்டிக்காட்டினார். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை வெளியாள் ஒருவரை அழைக்கிறோம். அவருக்கான வேலை எங்கள் பாடங்களைக் குறை சொல்வது மட்டுமே. பிரியாணி உண்டு, சான்றிதழ் இல்லை.

2025 அக்டோபரில் எங்கள் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியை அடியோடு மாற்றி எழுதினேன். மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடாவில் குழந்தைகள் இறந்ததற்குக் காரணமான இருமல் மருந்து, எங்களுக்கு அடுத்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 விழுக்காடு டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது தெரியவந்தது. ஏற்கத்தக்க வரம்பு 0.1 விழுக்காடு. இந்த நச்சு கலந்துவரக்கூடிய கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் டிரம்களில் ஒவ்வொன்றிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும் என்ற விதியைக் கிடங்கு ஊழியர்களுக்கு நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தேன். ஏன் என்று ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. இந்த முறை விதியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, 1937-இல் அமெரிக்காவில் இதே நச்சு கலந்த எலிக்ஸிர் சல்ஃபனிலமைட் என்ற மருந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றதிலிருந்து தொடங்கி, 1972-இல் சென்னை, 1986-இல் மும்பை, 2022-இல் காம்பியா என்று வரிசையாகச் சொல்லி, சிந்துவாடாவில் நிறுத்தினேன். அறையில் சத்தமே இல்லை. கிடங்கில் புதிதாகச் சேர்ந்த ஒடிசா இளைஞர், டிரம்மின் சீல் உடைந்திருந்தால் யாரிடம் சொல்வது, இரவில் அவர் இல்லாவிட்டால் யாரிடம் என்று இந்தியில் கேட்டார். எங்கள் எஸ்ஓபியில் இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை. அடுத்த வாரம் அதைத் திருத்தினோம்.

இரவு ஷிப்டுதான் இன்னும் எங்கள் பலவீனம். பகலில் நடக்கும் வகுப்புக்கு அவர்களை நிறுத்தி வைப்பது அநியாயம். நள்ளிரவு இரண்டு மணிக்கு நடத்தினால் பாடம் ஏறாது. இப்போதைக்கு ஷிப்டு தொடங்கும் முதல் பதினைந்து நிமிடத்தில், மெஷின் அருகிலேயே, வாரம் ஒரே ஒரு தலைப்பை மட்டும் எடுத்துப் பேசுகிறோம்; பேசுபவர் பெரும்பாலும் அந்த ஷிப்டின் மூத்த ஆப்பரேட்டர்தான். கம்ப்ரஷன் பிரிவில் அந்தப் பொறுப்பை ஏற்றிருப்பவர், அன்று ஆடிட்டர் முன் "சூப்பர்வைசரைக் கேட்பேன்" என்று சொன்ன அதே அண்ணன்.