கிராமத்தில் வீடு கட்ட மூன்று வழி: தீயைக் கேட்டால் எது தேறும்?

தமிழ்நாட்டுக் கிராமத்தில் இன்று வீடு கட்டக் கிளம்புகிறவருக்கு மூன்று வழி உண்டு. ஆன்லைனில் சுயசான்று போட்டு உடனே அனுமதி வாங்கலாம். பழைய முறையில் வரைபடம் கொடுத்து, ஆய்வு முடிந்து ஒப்புதல் வரும்வரை காத்திருக்கலாம். குடிசையில் இருப்பவர் என்றால் அரசின் வீட்டுத் திட்டத்தில் சேர்ந்து, அவர்கள் சொல்லும் அளவில் கட்டலாம். டீக்கடையில் இதைப் பேசினால் 'எதில் செலவு குறைவு, எதில் அலைச்சல் குறைவு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தீப்பிடித்தால் எது காப்பாற்றும் என்று யாரும் கேட்பதில்லை. நான் அந்தக் கணக்கில்தான் மூன்றையும் பார்க்கிறேன்.

முதலில் விதிப் புத்தகம். 1997 முதல் ஊராட்சிகளுக்கென்று தனியாகக் கட்டட விதிகள் இருந்தன. 2019-இல் 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்' வந்ததும் சென்னை மாநகராட்சிக்கும் கடைக்கோடி ஊராட்சிக்கும் ஒரே புத்தகம் என்றாகிவிட்டது. வரைபடம் போடும் பொறியாளருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் படித்துப் பார்த்தால் பார்க்கிங், தளப்பரப்புக் குறியீடு, உயரம், பக்க இடைவெளி என்று நகரத்து ஆள் எழுதிய வாசனைதான் அடிக்கிறது. வைக்கோல்போரை ஒட்டி மாட்டுக்கொட்டகை, கொட்டகையை ஒட்டி அடுப்படி என்று இருக்கும் வீட்டை மனதில் வைத்து எழுதியதாகத் தெரியவில்லை.

சுயசான்று 2024 ஜூலையில் வந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் அதன்மேல் ஒரு மாடியும், உயரம் 7 மீட்டருக்குள் இருந்தால் போதும் என்று அப்போது வைத்தார்கள். பத்திரம், பட்டா, வரைபடம், மனையின் போட்டோ எல்லாவற்றையும் ஏற்றி, கட்டணத்தைக் கட்டினால் அனுமதி கையில் வந்துவிடும். கட்டுவதற்கு முன் யாரும் வந்து பார்ப்பதில்லை. கட்டி முடித்த பிறகு பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. 'சாரைப் பார்த்தாச்சா?' என்ற கேள்விக்கே வேலையில்லாமல் போனது. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஊரில் பாதி வீடுகள் அனுமதியே இல்லாமல் எழும்பியதற்கு அந்த அலைச்சலும் ஒரு காரணம்.

ஆனால் சான்று கொடுப்பது யார்? வீட்டுக்காரரே. அவர் எதற்குப் பொறுப்பேற்கிறார்? இடம் என்னுடையது, அளவு சரி, விதி மீறவில்லை என்பதற்கு. மின்கசிவில் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறாரா, மொட்டை மாடியில் நாளைக்குக் கீற்றுக் கொட்டகை போடுவாரா என்று அவரை யார் கேட்பது? வெயிலுக்கு இதம் என்று மாடிமேல் கீற்று வேய்வது நம் ஊரில் சர்வசாதாரணம். கீழே முழுக்கக் கான்கிரீட், மேலே காய்ந்த தென்னங்கீற்று, நடுவே ஒரு ஃபேனுக்கும் குண்டு பல்புக்கும் இழுத்த வயர். அனுமதிப் படத்தில் இந்தக் கொட்டகை ஒருநாளும் இருக்காது.

அப்போ ஆய்வுள்ள பழைய வழிதான் பத்திரமா? அப்படியும் சொல்ல மாட்டேன். காகிதத்தில் அது கறார். சின்னக் கட்டடம் ஊராட்சியோடு முடியும், பெரியது டிடிசிபி எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்குப் போகும். நம் ஊராட்சியில் நிர்வாக அதிகாரம் தலைவரிடம் இருக்கிறது. அதாவது, ஓட்டுப் போட்டவரின் வீட்டை ஓட்டு வாங்கியவர் தடுக்க வேண்டும். நடக்கிற காரியமா? பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தபோது, அந்தச் சங்கடம் போய் வேறொன்று வந்தது. ஒரே அதிகாரி தலையில் பல ஊராட்சிகள். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்ற மனைகளை வாங்கிவிட்டு, 2016-க்குப் பிறகு வரன்முறைக்கு, அதாவது அங்கீகாரமில்லாத மனையை முறைப்படுத்த, வரிசையில் நின்றவர்களைக் கேட்டால் ஊராட்சிக் கையெழுத்தின் மதிப்பைச் சொல்வார்கள்.

கேரளம் வேறு மாதிரி செய்திருக்கிறது. நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என 2019-இல் தனித்தனி விதிகளையே புதுப்பித்தார்கள். அனுமதி தருவது தலைவர் அல்ல, செயலாளர். சிறு வீட்டுக்குச் சுயசான்று அங்கேயும் உண்டு. தனிப் புத்தகம் என்பதாலேயே தீ பயப்படாது, சரி. ஆனாலும் கையெழுத்தைத் தேர்தலிலிருந்து பிரித்து வைத்தது நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

மூன்றாவது வழிதான் எனக்கு ஆச்சரியம். 'கலைஞரின் கனவு இல்லம்' 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்ற இலக்கோடு 2024-இல் தொடங்கியது. வீட்டுக்கு ரூ.3.5 லட்சம், பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடியைப் பயனாளி தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம், ஆனால் தீப்பிடிக்காத பொருளால்தான் கூரை போட வேண்டும். சமையலுக்கோ திண்ணைக்கோ கீற்றில் ஒரு சாய்ப்பு இறக்குவார்கள் என்று தெரிந்தே யாரோ ஒருவர் இதை எழுதியிருக்கிறார். இது கட்டட விதியே அல்ல, ஒரு மானியத்தின் நிபந்தனை. பணம் கட்டக் கட்டத் தவணையாக வருவதால், ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றியப் பொறியாளர் நேரில் வந்து பார்க்கவும் செய்கிறார். சுயசான்றில் இல்லாத கண் இங்கே இருக்கிறது. பழைய முறையில் இல்லாத பிடியும் இருக்கிறது. கடைசித் தவணை போன பிறகு வாசலில் கீற்று ஏறினால் கேட்க ஆளில்லை என்பது உண்மைதான். ஆனாலும் தலைக்கு மேல் இருந்த ஓலை போய்விடுகிறதே.

ஓலை என்று சும்மா சொல்லவில்லை. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி: கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். 2004 ஜூலை 16, கும்பகோணம்: பள்ளிச் சமையல் கொட்டகையில் பற்றிய தீ கீற்று வேய்ந்த வகுப்பறைக்குத் தாவி 94 குழந்தைகள் போனார்கள். கும்பகோணம் கிராமம்கூட அல்ல, அன்றைக்கே நகராட்சி. சட்டம், துறை, உரிமம் எல்லாம் பக்கத்திலேயே இருந்த ஊர்.

கிராமத்துக்கு அதுவும் இல்லை. 1992-இன் அரசியல் சட்டத் திருத்தங்களில் நகராட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணை தீயணைப்புப் பணியைச் சேர்த்தது. ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையின் 29 இனங்களில் அது கிடையாது. ஊரக வீட்டு வசதி இருக்கிறது, 'எரிபொருளும் தீவனமும்' கூட இருக்கிறது. எரியக் கூடியது ஊராட்சியிடம், அணைப்பது வேறு யாரிடமோ! வண்டி பெரும்பாலும் தாலுகா தலைநகரிலிருந்து வர வேண்டும். அது வருவதற்குள் கோடைக் காற்றில் ஒரு வரிசைக் குடிசை முடிந்துவிடும். ஆகவே கிராமத்தில் தீ பற்றாமல் கட்டுவதும், பற்றினால் வெளியே ஓட வழி வைப்பதும்தான் முக்கியம்.

சொந்தக் குடியிருப்புக்கு என் ஓட்டு சுயசான்றுக்கே, ஒரு திருத்தத்தோடு. கனவு இல்லத்தின் அந்த 60 சதுர அடி நிபந்தனையை அப்படியே எடுத்துச் சுயசான்றுப் படிவத்தில் சேர்க்க வேண்டும். சமையலிடத்துக்கும் மாடிக்கும் எரியாத கூரை, ஆர்.சி.சி.பி., வைக்கோல்போருக்கும் வீட்டுக்கும் இடைவெளி என்று நாலு வரி போதும். அப்புறம், கட்டியவற்றில் சிலதையாவது முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும்.

கல்யாண மண்டபம், பள்ளி, நெல் கிடங்கு, அரிசி ஆலை இவற்றுக்குச் சுயசான்று பக்கம் போகவே கூடாது. நூறு பேர் கூடும் இடத்தில் உரிமையாளரின் வாக்குமூலத்தை நம்ப முடியாது. கிராமத்துப் பள்ளிக்கே கட்டட உறுதி, கட்டட உரிமம், சுகாதாரம், தீயணைப்பு என்று நான்கு சான்று வேண்டும். மண்டபத்துக்குத் தாசில்தார் உரிமம் வேண்டும். சட்டம் போதாமல் இல்லை. எந்தச் சான்று எப்போது காலாவதியானது என்று ஊருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். மே 1-ஆம் தேதி கிராம சபையில் வரவு செலவு வாசிக்கிறார்கள் அல்லவா, அதோடு இந்தப் பட்டியலையும் வாசிக்கச் சொல்லலாம். அதற்குப் புது விதி எதுவும் எழுத வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.