உழுவதா, வெட்டுவதா, மேய்ப்பதா? ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பின் கணக்கு

ஆடியில் மழை பிடித்தால் ஆவணிக்குள் முழங்கால் உயரத்துக்குப் புல் வந்துவிடும். ஐப்பசி மழை ஓய்ந்து தை பிறக்கும்போது மறுபடியும் அதே உயரம். ஆனைமலைப் பக்கம் எங்களுடையது ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு. 25 அடிக்கு 25 அடி நடவு, ஏக்கருக்கு 70 மரம், மொத்தம் 350. புல்லை என்ன செய்வது, உதிர்கிற மட்டையை என்ன செய்வது, தோட்டத்து வீட்டில் வெந்நீருக்கு எதை எரிப்பது என்று மூன்று கேள்விகளையும் பல வருஷம் தனித்தனியாகவே பார்த்துவந்தேன். மூன்றும் ஒரே கணக்கு என்று பிடிபடவே நாளானது. எல்லா வழியையும் ஒருமுறையாவது செய்து பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்.

பெரிய டிராக்டர்

எங்கள் ஊரில் தோப்புப் பராமரிப்பு என்றாலே உழவுதான். 45 ஹெச்பி டிராக்டரை வாடகைக்குக் கூப்பிட்டு, சுழல் கத்தியால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓட்டினால், ஏக்கருக்கு ஒன்றேகால் அல்லது ஒன்றரை மணி நேரம். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாய்வதற்குள் ஐந்து ஏக்கரும் மண் தெரியக் கிடக்கும். "தோப்புன்னா தொடச்சு வச்ச மாதிரி இருக்கோணுமுங்க" என்பார் டிராக்டர் ஓட்டுகிறவர். வேகத்தில் இதற்கு ஈடு வேறெதுவும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூரிலிருந்து ஆயிரக்கணக்கில் கிளம்புகிற வேர்கள்தான் அதற்குச் சோறும் தண்ணீரும் கொண்டுவருகின்றன. அதில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. மரத்திலிருந்து 1.8 மீட்டர், அதாவது ஆறடி விட்டு வட்டப்பாத்தி எடுக்கச் சொல்வதும் இதனால்தான். இரண்டு மரத்துக்கு நடுவே 25 அடி. இரு பக்கமும் ஆறடி கழித்தால் மிச்சம் 13 அடி. டிராக்டருக்கு உரிமை உள்ள இடம் அந்த 13 அடி மட்டுமே. மணிக்கணக்கில் வாடகை வாங்குகிற வண்டி அந்தக் கோட்டோடு நிற்பதில்லை. புல் மிச்சமிருந்தால் வேலை சரியில்லை என்று தோப்புக்காரரே சொல்வார் என்ற பயத்தில் தூர் வரைக்கும் உரசிக்கொண்டு போகும்.

வேர் அறுபட்டால் மறுபடி விடும், உண்மைதான். அதுவரைக்கும் அந்தக் காயம் திறந்த கதவு. தஞ்சாவூர் வாடல் நோய் என்று நாம் சொல்வது மண்ணில் இருக்கிற கானோடெர்மா பூஞ்சாணம் வேர் வழியாக ஏறுவது. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் அதைக் கண்டார்கள், அந்தப் பெயரே நின்றுவிட்டது. அந்த நோய் தென்பட்ட தோப்பில் உழாதே, ஒரு மரத்துத் தண்ணீரை அடுத்த மரத்துக்குப் பாய விடாதே என்பதுதான் முதல் ஆலோசனை. நோய் வந்த பிறகு கேட்பதை வருவதற்கு முன்னாலேயே கேட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

அப்புறம் கோரை. ரோட்டவேட்டர் கோரையை அழிப்பதில்லை, நடுகிறது. மண்ணுக்குள் சரமாகக் கோத்திருக்கிற கிழங்குகளைத் துண்டு துண்டாக அறுத்துத் தோப்பு முழுக்கத் தூவிவிட்டுப் போகிறது. ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடி. எங்கள் தோப்பின் கிழக்கு ஓரத்தில் நாலைந்து திட்டாக இருந்த கோரை, மூன்று வருஷ உழவில் ஒரு ஏக்கருக்குப் பரவியது. ஈரம் காயும் முன்னே சுமார் இரண்டு டன் வண்டி ஏறினால் மண் இறுகுவது இன்னொரு இழப்பு.

மினி டிராக்டர்

24, 27 ஹெச்பி வண்டிகள் ஒரு டன்னுக்குள்தான் இருக்கும். மூன்றடி, மூன்றரை அடி அகலம் என்பதால் இளங்கன்றுகளின் தாழ்ந்த மட்டையைக் கிழிக்காமல் நுழையும். 13 அடிப் பட்டைக்கு இதுவே பொருத்தம். நான் அதற்கு மேலும் ஒன்று சொல்வேன்: ரோட்டவேட்டரைக் கழற்றிவிட்டு ஸ்லாஷர் மாட்டச் சொல்லுங்கள். உழாமல் புல்லை மட்டும் அரிந்து அங்கேயே போட்டுவிடும். மண் அசையாது, வேர் அறாது, கோரைக் கிழங்கும் பரவாது. அரிந்த புல் காய்ந்து மூடாக்காகிவிடும்.

வாங்கலாமா என்றால், ஐந்து ஏக்கருக்கு வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு முறை அரிந்தாலும் மொத்தம் இருபது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் ஓடும். மீதி நாளெல்லாம் கொட்டகையில் நிற்கிற வண்டிக்குப் பல லட்சம் போடுவது தேங்காய் விலை ஏறி இறங்குகிற நம் பிழைப்புக்குத் தாங்காது. வேளாண் பொறியியல் துறையிடம் வாடகைக்கு எடுக்கலாம், அரசின் உழவன் செயலியில் பதிவு செய்யலாம். ஆவணியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே பதிவது நல்லது.

பவர் வீடரும் ஓட்டிப் பார்த்தேன். காய்கறிப் பாத்திக்கு அருமையான கருவி. தோப்புக்கு அது கையால் பிடித்துக்கொண்டு நடக்கிற ரோட்டவேட்டர்தான். அதே வேரை மெதுவாக அறுக்கும், ஓட்டுகிறவர் தோளையும் சேர்த்து ஆட்டிவைக்கும்.

பிரஷ் கட்டர்

டிராக்டர் போகக் கூடாத ஆறடி வட்டத்துக்கு ஆள்தான் போக வேண்டும். மண்வெட்டியால் செதுக்க ஆள் கிடைக்காத காலத்தில் தோளில் மாட்டிப் புல் வெட்டுகிற பிரஷ் கட்டர் மெஷின்தான் தோப்புகளைக் காப்பாற்றியிருக்கிறது.

டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பதில் என் ஓட்டு ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். லிட்டருக்கு 20 மில்லி கேட்கிற வண்டியும் உண்டு, அதைவிட அதிகம் கேட்கிற வண்டியும் உண்டு. வேலைக்கு வருகிறவர் கண்ணளவில் ஊற்றினால் ஒரு பருவத்திலேயே பிஸ்டன் கோடு விழுந்துவிடும். எங்கள் முதல் மெஷின் அப்படித்தான் போனது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் வெறும் பெட்ரோல் போதும், சத்தமும் புகையும் குறைவு. சரிவான நிலத்தில் நாள் முழுக்க முறுக்கி ஓட்டுபவர்களுக்கு நல்ல டூ ஸ்ட்ரோக்கின் இழுவை பிடிக்கும். எங்களுடையது சமநிலம்.

மெஷினை விட முக்கியம் முனையில் என்ன மாட்டுகிறோம் என்பது. மூன்று பல் பிளேடு புதர், பார்த்தீனியம், முற்றிய தண்டு எல்லாவற்றையும் சாய்க்கும். ஆனால் தூருக்குப் பக்கத்தில் ஒரு நொடி கவனம் தப்பினால் மரத்தில் வெட்டு விழும். காயம் பட்ட தென்னையின் வாசம் சிவப்புக் கூன்வண்டை அழைத்துவிடும். அதனால் பிளேடு நடுப்பட்டைக்கு மட்டும், மரத்தடிக்கு நைலான் கயிறு. கயிறும் சும்மா இல்லை, சொட்டுநீர்க் குழாயை ஒரே சுற்றில் கிழிக்கும். வெட்டும் நாளுக்கு முந்தின சாயங்காலம் குழாய்களைத் தூக்கி மரத்தில் சாய்த்து வைத்துவிடுவோம். கண்ணாடியும் காலுக்கு ஷூவும் இல்லாமல் யாரையும் மெஷினைத் தொட விடுவதில்லை. 15 மீட்டருக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது. சிறு கல் தெறித்துக் கண் போன ஒருவரை எனக்குத் தெரியும். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

நேரம்தான் இதன் பலவீனம். நன்றாக வளர்ந்த புல்லில் எங்கள் ஆளுக்கு ஏக்கருக்கு ஒரு முழு நாள் பிடிக்கிறது. வட்டப்பாத்தியை மட்டும் வெட்டினால் அரை நாளுக்குள் முடிகிறது.

செம்மறி

பக்கத்துத் தோட்டத்துக்காரர் இருபது உருப்படி மேச்சேரி ஆடு வைத்திருக்கிறார். கார்த்திகைக்குப் பிறகு எங்கள் தோப்பில் மேய விடுவார். காசு கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. செம்மறி குனிந்து புல்லை மேயும். வெள்ளாடு தலை நிமிர்ந்து இளங்கன்றின் குருத்தைத் தேடும். இந்த வித்தியாசம் தெரியாமல் வெள்ளாட்டை விட்டு, நட்டு ஒரு வருஷமான பதினொரு கன்றை இழந்தேன். செம்மறிப் புழுக்கை தோப்பெங்கும் தானாகவே சிதறுவது கூடுதல் வரவு. ஆனால் பார்த்தீனியத்தை அவை தொடாது. மற்றதையெல்லாம் மேய்ந்துவிட்டு அதை மட்டும் விட்டுவைப்பதால், பூக்கும் முன்னே ஆள் விட்டுப் பிடுங்காவிட்டால் தோப்பே அதுவாகிவிடும். கோரையும் கொஞ்சம் இளசாக இருக்கும்போது மட்டுமே. மேய்ச்சல் நல்ல துணை, அதை மட்டுமே நம்பித் தோப்பை ஒப்படைக்க முடியாது.

மட்டை எங்கே போக வேண்டும்?

ஒரு தென்னை மாதத்துக்கு ஒரு மட்டை என்ற கணக்கில் வருஷத்துக்கு ஏறக்குறைய 12 உதிர்க்கிறது. எங்கள் 350 மரத்துக்கு 4,200 மட்டை. உழுகிற தோப்பில் இது தொல்லை, ரோட்டவேட்டரில் சுற்றிக்கொள்ளும். அதனால் குவித்துத் தீ வைப்பார்கள். அப்படி எரித்தால் சாம்பல் சத்து மிஞ்சும், தழைச்சத்தும் மண்ணுக்குள் போக வேண்டிய மக்கு உரமும் புகையாகிவிடும். அடிமரம் வெந்து பட்டை வெடித்த மரங்களை அந்தக் குவியல்களின் ஓரத்தில் பார்க்கலாம்.

டிராக்டரோடு இணைக்கிற மட்டை தூளாக்கும் கருவி நல்லது. தூள் சீக்கிரம் மக்கும், பரப்பவும் சுலபம். ஆனால் இரண்டு ஆள் மட்டை எடுத்துப் போட, ஒரு டிராக்டர் ஓட என்று செலவு வைக்கும். பத்து ஏக்கருக்கு மேல் இருப்பவர்கள் யோசிக்கலாம். நாங்கள் மட்டையைத் தூளாக்காமலே வட்டப்பாத்தியில் அடுக்குகிறோம். ஒரு பாத்தியை மூட 15 காய்ந்த மட்டை வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. மரம் உதிர்ப்பது 12, தேவை 15. எரிக்க எங்கே மிச்சம்? இப்படி மூடிய பாத்தியில் புல் முளைப்பது பெரும்பாலும் நின்றுவிட்டது. பிரஷ் கட்டர் வேலை வருஷத்துக்கு ஒரு முறையாகக் குறைந்தது. சித்திரை வெயிலில் மட்டையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஈரம் இருக்கும்.

அப்படியானால் வெந்நீருக்கு? நாலு பேர் வீட்டுக்கு 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர 2,000 கிலோ கலோரி வேண்டும். கரண்ட் ஹீட்டரில் 2.3 யூனிட். கேஸ் ஹீட்டரில் நாளுக்குக் கால் கிலோ, 14.2 கிலோ சிலிண்டர் இரண்டு மாதம் வரும். சோலார் ஹீட்டர் டவுனில் மொட்டை மாடிக்குச் சரி. தோப்பு வீட்டுக்கு நிழலும் விழும், கண்ணாடிக் குழாய்மேல் தேங்காயும் விழும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் மேகம் வேறு நாள்கணக்கில் வெயிலைக் காட்டாது.

விறகில் அந்த வெந்நீருக்கு இரண்டரை, மூன்று கிலோ போதும். ஆனால் எந்த விறகு என்பதைப் பொறுத்தது. பச்சை விறகின் எடையில் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பு செலவாகிவிடும், அடுப்பைவிடக் கண்தான் அதிகம் எரியும். நாங்கள் எடுப்பது மட்டையின் அடிப்பகுதி, இரண்டடி நீளம். மக்க அது ரொம்ப நாளாகும், பாத்தியில் கிடந்தால் காலில் இடறும். வெட்டிக் கொட்டகையில் இரண்டு மூன்று மாதம் காயவைத்தால் கல் போலாகிவிடும். நாளுக்கு நாலு என்றாலும் வருஷத்துக்கு 1,460தான். பற்றவைக்கப் பன்னாடை, நின்று எரியப் பாளையும் கொட்டாங்குச்சியும். மூன்று கல் அடுப்பில் அண்டா வைத்தால் பாதிச் சூடு பக்கவாட்டில் போய்விடும். நடுவில் புகைக்குழாய் ஓடுகிற செம்பு பாய்லரைக் கொட்டகைக்கு வெளியே வைத்த பிறகு புகை வீட்டுக்குள் வருவதில்லை. சாம்பலைப் பாத்திக்கே திருப்பி விடுகிறோம், யூரியா போடுகிற நாளில் மட்டும் அதோடு சேர்க்காமல்.

வேர் வாடல் நோய் (தஞ்சாவூர் வாடல் வேறு, இது வேறு) வந்து வெட்டுகிற மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்தில் அது பெரிய துயரம். அந்த மரத்துண்டுகளை விறகாகும் என்று தோப்பிலேயே போட்டு வைக்காதீர்கள். மக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, மிச்சமிருக்கிற மரங்களின் குருத்துக்குப் போகும். செங்கல் சூளைக்குக் கொடுத்துவிடுங்கள், அல்லது பிளந்து காயவைத்து முதலில் அதை எரியுங்கள்.

இந்த ஆவணிக்கு மினி டிராக்டர் ஸ்லாஷரோடு ஒரு நாள் பதிந்திருக்கிறேன், 13 அடிப் பட்டைக்கு மட்டும். கிழக்கு ஓரத்துக் கோரை ஏக்கரில் அதுவும் இல்லை. அங்கே பாத்தியில் மட்டையும் நடுவில் பசுந்தாள் உரத்துக்குச் சணப்பையும்தான். உழாமல் விட்ட இரண்டாவது வருஷம் இது. கோரைத் திட்டுகளுக்கு நடுவே மூக்குத்திப்பூ தலைகாட்ட ஆரம்பித்திருக்கிறது.